உள்ளரங்க வாலிபாலுக்குக் கேமராவை மாற்றுவதா, லென்ஸை மாற்றுவதா?

உடற்கல்வி ஆசிரியை:

அனைவருக்கும் வணக்கம். பள்ளி மாணவிகளின் வாலிபால் அணிக்குப் பயிற்சி தருகிறேன். என்னிடம் இருப்பது தொடக்கநிலை டிஎஸ்எல்ஆர், ஏபிஎஸ்-சி என்ற சிறிய அளவுச் சென்சார். கூடவே வந்த 18-55, 55-250 மி.மீ. ஜூம் லென்ஸ்கள் இரண்டும் இருக்கின்றன. திறந்தவெளியில் ஓட்டப்பந்தயம் எடுத்தால் குறை சொல்ல முடியாத படங்கள் வருகின்றன. அதே கேமராவோடு உள்ளரங்கத்துக்குள் நுழைந்தால் எல்லாம் கெட்டுவிடுகிறது. பந்தை அடிக்கும் கை புகைபோல் கரைந்து நிற்கிறது. படம் முழுக்க மணல் தூவியதுபோல் புள்ளிகள்.

போன ஆட்டத்தில் எடுத்த படங்களின் விவரத்தைப் பார்த்தேன்: ஷட்டர் 1/250 நொடி, லென்ஸ் துளை எஃப்/5.6, ஒளியுணர்வு ஐஎஸ்ஓ 6400. அதற்கு மேல் ஐஎஸ்ஓவை ஏற்றினால் பார்க்கச் சகிக்கவில்லை.

எங்கள் அணியில் ஒரு மாணவி நான்கு ஆண்டுகளாக ஆடுகிறாள். உயரம் குறைவுதான், ஆனால் எம்பினால் முழங்கை வலைக்கு மேல் போய்விடும். அவள் காற்றில் நிற்கும் நல்ல படம் ஒன்றுகூட இதுவரை என்னால் எடுக்க முடியவில்லை. இந்த ஆண்டோடு படிப்பை முடித்துக்கொண்டு போகிறாள். அதற்குள் எடுத்துவிட வேண்டும்.

பெரிய சென்சார் உள்ள ஃபுல் ஃபிரேம் கேமரா வாங்கினால் சரியாகிவிடும் என்கிறார்கள் சிலர். ஒரு பொருள்தான் என்னால் வாங்க முடியும். எதை வாங்கட்டும்?

கோட்டோரம்:

லென்ஸ். யோசிக்கவே வேண்டாம்.

உங்கள் எண்களையே வைத்துக் கணக்குப் போடுங்கள், டீச்சர். அடிக்கும் கை உறைந்து நிற்க வேண்டுமென்றால் ஷட்டர் 1/1000 வேண்டும். அதாவது இப்போது கிடைப்பதைப்போல் நான்கு மடங்கு வெளிச்சம் தேவை. எஃப் எண் குறைந்தால் துளை பெரிதாகும்; எஃப்/5.6-இலிருந்து எஃப்/2.8-க்குப் போனால் சரியாக அந்த நான்கு மடங்கு கிடைத்துவிடும். எஃப்/1.8-க்குப் போனால் ஏறக்குறைய பத்து மடங்கு. அப்போது 1/1000-இல் எடுத்துக்கொண்டே ஐஎஸ்ஓவை 2500 வாக்கில் இறக்கிவிடலாம். அதே கேமரா, அதே அரங்கம்.

ஃபுல் ஃபிரேம் சென்சாரின் பரப்பு உங்களுடையதைவிட இரண்டேகால் மடங்கு பெரிது. அதனால் கிடைக்கும் லாபமும் ஏறக்குறைய அவ்வளவுதான், ஒரு ஸ்டாப்புக்குச் சற்று மேல் (வெளிச்சம் இரட்டிப்பாவதுதான் ஒரு ஸ்டாப்). பழைய எஃப்/5.6 லென்ஸையே அதில் மாட்டினால் நீங்கள் கேட்கும் நான்கு மடங்கு வராது. போதாக்குறைக்கு, ஏபிஎஸ்-சிக்கென்று செய்த உங்கள் இரண்டு லென்ஸ்களும் அந்தச் சென்சாரை முழுதாக மூடாது.

நொடிக்குப் பத்து:

கோட்டோரம் சொல்லும் கணக்கு சரி. ஆனால் வெளிச்சம் மட்டுமே பிரச்சினை என்பதுபோல் பேசுவதை ஏற்க மாட்டேன். ஃபோகஸ் தவறினால் 1/1000 இருந்தென்ன, 1/4000 இருந்தென்ன? தொடக்கநிலை டிஎஸ்எல்ஆரில் ஃபோகஸ் புள்ளிகள் சில மட்டுமே. நடுப்புள்ளி ஒன்றைத்தான் நம்பலாம். நொடிக்கு நான்கைந்து படம் எடுத்தால் பெரிது. வாலிபாலில் பந்து கையைத் தொடும் கணம் அந்த நான்கைந்து படங்களுக்கு இடையில் நழுவிப் போய்விடும்.

2017-இல் சோனி ஏ9 வந்தபோதே நொடிக்கு 20 படம், அதுவும் வியூஃபைண்டர் ஒருமுறைகூட இருண்டு போகாமல் எடுக்க முடிந்தது. இப்போது உள்ளே கண்ணாடி இல்லாத நடுத்தர மிரர்லெஸ் கேமராக்கள்கூட ஆட்டக்காரியின் கண்ணைத் தானே கண்டுபிடித்துப் பின்தொடர்கின்றன. நான் ஐந்து ஆண்டுகள் டிஎஸ்எல்ஆரில் ஹாக்கி எடுத்தவன். மிரர்லெஸ்ஸுக்கு மாறிய முதல் நாளே, தேறிய படங்களின் எண்ணிக்கை இரட்டிப்பானது. டீச்சர், கேமராவைத் தள்ளிப் போடாதீர்கள்.

பழைய லென்ஸ்:

நாளிதழ்களுக்காக விளையாட்டுப் படங்கள் எடுத்தே என் வேலைக்காலம் முழுதும் போனது. ஃபிலிமில் தொடங்கி டிஜிட்டலில் முடித்தேன். இந்த விவாதத்தைப் படித்தபோது ஒன்று உறுத்தியது: எங்கே நிற்கிறீர்கள் என்று டீச்சரை யாரும் கேட்கவில்லை. எந்த லென்ஸ் என்பதை முடிவு செய்வது நிற்கும் இடம்தான். கேமரா அதற்குப் பிறகு.

நான் இளையவர்களுக்குச் சொல்லித்தரும் ஒரு கணக்கு உண்டு. ஃபுல் ஃபிரேம் கேமராவை நெடுக்காகப் பிடித்து, ஓர் ஆட்டக்காரர் படத்தின் உயரத்தில் மூன்றில் இரண்டு பங்கு நிறைய வேண்டுமென்றால், 200 மி.மீ. லென்ஸுக்கு அவர் 15 மீட்டரில் இருக்க வேண்டும். 400 என்றால் 30 மீட்டர். 600 என்றால் 45. இதையே மேலும் கீழும் நீட்டிக்கொள்ளலாம்: 100 மி.மீ.க்கு ஏழரை மீட்டர். ஏபிஎஸ்-சி என்றால் தூரத்தை ஒன்றரையால் பெருக்குங்கள். அதாவது உங்கள் கேமராவில் 85 மி.மீ. மாட்டினால் பத்து மீட்டர் வாக்கில் இருப்பவர் நிறைவாக விழுவார்.

இந்தக் கணக்கைக் கையில் வைத்துக்கொண்டு மைதானங்களைப் பாருங்கள். கால்பந்து மைதானம் 105 மீட்டர் நீளம், 68 மீட்டர் அகலம். கோல் கோட்டுக்குப் பின்னால் உட்கார்ந்திருப்பவருக்கு 400 மி.மீ. லென்ஸ்கூட நடுக்கோட்டுவரை எட்டாது. பெனால்டி பகுதிக்கும் அதற்குச் சற்று அப்பாலும்தான் அதன் ஆட்சி. கிரிக்கெட்டில் எல்லைக்கோட்டிலிருந்து மட்டையாளர் 60, 70 மீட்டர் தள்ளி நிற்கிறார். அதனால்தான் அங்கே 600 மி.மீ. லென்ஸ்கள் வரிசைகட்டி நிற்கின்றன. வாலிபால் களம் 18 மீட்டருக்கு 9 மீட்டர், அவ்வளவே. டீச்சருக்கு நீள லென்ஸே தேவையில்லை. இது எவ்வளவு பெரிய வரம் என்று கிரிக்கெட் எடுப்பவர்களைக் கேளுங்கள்.

இடத்தின் அருமைக்கு நான் எப்போதும் காட்டும் படம் ஒன்று உண்டு. 1965 மே 25, அமெரிக்காவின் லூயிஸ்டன் நகரம். குத்துச்சண்டைப் போட்டியின் முதல் சுற்றிலேயே சோனி லிஸ்டன் விழுந்து கிடக்க, அவர் தலைக்கு மேல் முகமது அலி கையை மடக்கி நின்று கத்துகிறார். நீல் லைஃபர் எடுத்த படம். மேலே கட்டியிருந்த ஃபிளாஷ் விளக்குகள் மறுபடி மின்னேற்றம் பெறச் சில நொடிகள் பிடிக்கும் காலம் அது. எடுப்பது ஒன்று, தவறினால் தவறியதுதான். அந்தப் படத்தில் அலியின் கால்களுக்கு நடுவே இன்னொரு புகைப்படக்காரரும் தெரிகிறார், ஹெர்ப் ஷார்ஃப்மன். அவரும் கைதேர்ந்தவர், அவர் கையிலும் நல்ல கேமரா இருந்தது. ஆனால் அந்தக் கணத்தில் அவருக்கு வாய்த்தது அலியின் முதுகு.

ஆகவே டீச்சர், அளவுநாடாவோடு அரங்கத்துக்குப் போங்கள். எங்கெங்கே நிற்க அனுமதி உண்டோ அங்கிருந்தெல்லாம் வலைவரை அளந்து வந்து சொல்லுங்கள்.

இறகுப்பந்து அப்பா:

என் மகள் இறகுப்பந்து ஆடுகிறாள். அதே அரங்கப் பிரச்சினைதான். 50 மி.மீ. எஃப்/1.8 வாங்கினேன், பெரும்பாலான கேமரா வகைகளில் இருப்பதிலேயே மலிவான லென்ஸ் அதுதான். 13.4 மீட்டர் நீளக் களத்தில், மகளின் பக்கத்திலேயே ஓரமாக உட்கார்ந்தால் போதும். எதிர்ப்பக்கத்திலிருந்து எடுத்தால் ஆள் சிறிதாகிவிடுகிறாள். வெட்டிப் பெரிதாக்க வேண்டியிருக்கிறது.

ஒரு சந்தேகம். லென்ஸில் இருக்கும் நடுக்கத் தடுப்பு இதற்கெல்லாம் உதவாதா? கடையில் அதைத்தான் பெரிதாகச் சொன்னார்கள்.

கோட்டோரம்:

இறகுப்பந்து அப்பா: உதவாது. அது உங்கள் கையின் நடுக்கத்தை மட்டுமே ஈடுகட்டும். மகளின் கை வேகத்தை அதனால் நிறுத்த முடியாது. 2009-இல் பெர்லினில் உசைன் போல்ட் 100 மீட்டரை 9.58 நொடியில் ஓடினார். சராசரியாக நொடிக்குப் பத்து மீட்டருக்கு மேல். அந்த வேகத்தில் 1/1000 நொடிக்குள்ளேயே ஒரு சென்டிமீட்டர் நகர்ந்துவிடுகிறார். 1/250 என்றால் நான்கு சென்டிமீட்டர். ஸ்மாஷ் அடிக்கும் மட்டையின் தலை அதைவிடப் பலமடங்கு வேகம். இறகுப்பந்துக்கு 1/1600-க்குக் கீழே நான் இறங்குவதில்லை.

நடுக்கத் தடுப்பு பயன்படும் இடம் வேறு. சைக்கிள் பந்தயத்தில் 1/60 வைத்து, ஓட்டுபவரோடு கேமராவையும் திருப்பிக்கொண்டே எடுக்கும்போது மேல்கீழ் ஆட்டத்தை அது அடக்கும்.

ஒளியளவி:

டீச்சர், நீங்கள் கேட்காத ஒன்றைச் சொல்கிறேன். எஃப்/1.8 லென்ஸ் வாங்கி 1/1000-க்குப் போன அன்றே இது உங்கள் முன்னால் வந்து நிற்கும்.

அரங்க விளக்குகள் பல துடிக்கின்றன. 50 ஹெர்ட்ஸ் மின்சாரத்தில் நொடிக்கு நூறு முறை, 60 ஹெர்ட்ஸில் 120 முறை ஒளி கூடிக் குறைகிறது. நம் கண்ணுக்குத் தெரியாது. 1/250-இல் துடிப்பின் கணிசமான பகுதி படத்துக்குள் வந்துவிடுவதால் வித்தியாசம் அவ்வளவாகப் படுவதில்லை. 1/1000-இல் துடிப்பின் ஒரு துண்டு மட்டுமே விழுகிறது. அடுத்தடுத்து எடுத்த நான்கு படங்களில் ஒன்று வெளிச்சமாக, ஒன்று இருட்டாக, ஒன்று பாதி மஞ்சளாக வரும். லென்ஸ் பழுது என்று நினைத்து அதைத் திருப்பிக் கொடுக்க ஓடியவர்களை எனக்குத் தெரியும்.

2014-இல் வந்த கேனன் 7டி மார்க் 2 இதற்கென்றே ஒரு வசதியோடு வந்தது: விளக்கு உச்சத்தில் எரியும் கணம் பார்த்து ஷட்டரைத் திறக்கும். பிறகு பல கேமராக்களுக்கும் அது வந்துவிட்டது. உங்கள் கேமராவின் பட்டியலில் இருந்தால் போட்டுவிடுங்கள். இல்லையென்றால் ரா கோப்பாக (சென்சார் தரும் மூலப்பதிவாக) எடுத்து, ஒவ்வொரு படத்தையும் தனியாகச் சரிசெய்வதைத் தவிர வழியில்லை.

அடுத்தது நொடிக்குப் பத்து அவர்களுக்கு. மிரர்லெஸ்ஸின் மின்னணு ஷட்டரைப் பற்றிச் சொல்லாமல் விட்டுவிட்டீர்கள். சாதாரண சென்சார் படத்தை மேலிருந்து கீழாக வரிவரியாகப் படிக்கிறது. முழுதும் படித்து முடிக்க 1/30 நொடி வாக்கில் ஆகும் கேமராக்களும் உண்டு. அதற்குள் மட்டை நகர்ந்துவிடுவதால் நேரான மட்டை வளைந்த வாழைப்பழம்போல் வரும், வட்டப் பந்து முட்டையாகும். எல்ஈடி விளக்கின் கீழ் குறுக்குப் பட்டைகளும் விழும். வேகமாகப் படிக்கும் அடுக்குச் சென்சார் வைத்த நிக்கான் இசட்9 போன்றவற்றில் இது கிட்டத்தட்ட இல்லை. அதில் இயந்திர ஷட்டரே வைக்கவில்லை. சோனி ஏ9 மூன்றாம் பதிப்பு எல்லா வரிகளையும் ஒரே நேரத்தில் படிக்கிறது, அதனால் வளைவுக்கே இடமில்லை. ஆனால் இவை டீச்சருக்கு எட்டும் விலையில் இல்லை. நடுத்தர மிரர்லெஸ்ஸில் விளம்பரம் சொல்லும் 30, 40 படங்கள் என்ற கணக்கு பெரும்பாலும் இந்த வளைவோடு சேர்ந்துதான் வருகிறது. இயந்திர ஷட்டரில் எவ்வளவு என்பதையே பாருங்கள்.

நொடிக்குப் பத்து:

ஒளியளவி சொன்னது நியாயம். வளைவைப் பற்றி நான் சொல்லியிருக்க வேண்டும். ஹாக்கி மட்டை எடுக்கும்போது நானும் இயந்திர ஷட்டரில்தான் எடுக்கிறேன்.

உடற்கல்வி ஆசிரியை:

எல்லாருக்கும் நன்றி. பழைய லென்ஸ் ஐயா சொன்னபடி நாடாவோடு போய் அளந்தேன்; மாணவிகளே நாடாவைப் பிடித்தார்கள். எதிரணியின் கடைக்கோட்டுக்குப் பின்னால் மூன்று மீட்டர் இடமிருக்கிறது. அங்கிருந்து வலை 12 மீட்டர். பக்கவாட்டில் நின்றால் வலைக் கம்பத்துக்கு நான்கு மீட்டர். ஆனால் அங்கே துணை நடுவர் நிற்பார். மேல்தளத்தில் பார்வையாளர் நடைபாதை ஒன்றும் உண்டு. அங்கிருந்து வலை 16, 17 மீட்டர் வரும்.

85 மி.மீ. எஃப்/1.8 என்றும், 70-200 எஃப்/2.8 என்றும் இரண்டு எண்ணம் ஓடுகிறது. இரண்டாவது விலை அதிகம். பழையது வாங்கினால் இழுத்துப்பிடித்துச் சமாளிக்கலாம். எது?

பழைய லென்ஸ்:

85 வாங்கி, 12 மீட்டரில் கடைக்கோட்டுக்குப் பின்னால் தரையில் உட்காருங்கள்.

காரணம் சொல்கிறேன். ஸ்பைக் அடிப்பவளின் முகம் எதிரணியைப் பார்த்து இருக்கிறது. அவள் முகம் வேண்டுமென்றால் எதிரணியின் பக்கம்தான் நிற்க வேண்டும். 12 மீட்டரில் 85 மி.மீ. லென்ஸுக்கு அவளும் விழுவாள், தடுக்க எழும் இரண்டு கைகளும் விழும். ஆளை மட்டும் நிறைத்து எடுத்த படத்தைவிட, அந்தக் கைகளும் சேர்ந்த படம்தான் ஆட்டத்தைச் சொல்லும். தரையில் உட்காரச் சொல்வதற்கும் காரணம் உண்டு: கீழிருந்து பார்த்தால் குட்டையானவளின் எம்பலும் வானளவு தெரியும். நின்றுகொண்டு எடுத்தால் உங்கள் கண் உயரம் அவள் எம்பலைத் தின்றுவிடும்.

வலை குறுக்கே வருகிறதே என்று தயங்க வேண்டாம். வலையும் அவளும் ஒரு மீட்டர் இடைவெளிக்குள் இருப்பார்கள். 12 மீட்டர் தூரத்தில் எஃப்/1.8 வைத்தாலும் ஏறக்குறைய ஒன்றரை மீட்டர் ஆழம் தெளிவாக இருக்கும்.

70-200 எஃப்/2.8 அருமையான லென்ஸ். ஒரே ஒரு விளையாட்டு லென்ஸ் வைத்துக்கொள்ளலாம் என்று யாராவது என்னைக் கட்டாயப்படுத்தினால் அதைத்தான் எடுப்பேன். மேல்தளத்திலிருந்து எடுக்கவும், மாலைநேரக் கால்பந்துக்கும் அதுதான் பொருத்தம். ஆனால் உங்கள் அரங்கத்தில் அதோடு ஐஎஸ்ஓ 6400-ஐ விட்டு இறங்க முடியாது. பழைய பதிப்புகள் ஒன்றரைக் கிலோ கனம் வேறு. வெளியில் வெயில் இருக்கும்வரை உங்கள் 55-250 போதும்: நல்ல வெயிலில் எஃப்/5.6, ஐஎஸ்ஓ 200 வைத்தாலே 1/1600 கிடைத்துவிடும். வெயில் காயும் இடத்தில் பெரிய துளைக்குப் பணம் கொட்டுவது வீண்.

கோட்டோரம்:

பழையதாக வாங்குவதென்றால் இரண்டு எச்சரிக்கைகள், டீச்சர். நிக்கானின் தொடக்கநிலைக் கேமராக்களில் ஃபோகஸ் மோட்டார் கிடையாது. பெயரில் ஏஎஃப்-டி என்றிருக்கும் பழைய லென்ஸை அவற்றில் மாட்டினால் ஆட்டோஃபோகஸ் வேலை செய்யாது. லென்ஸுக்குள்ளேயே மோட்டார் உள்ள ஏஎஃப்-எஸ் வகையையே கேளுங்கள். (பின்னாளில் மிரர்லெஸ்ஸுக்கு மாறி, பழைய லென்ஸை மாட்ட உதவும் எஃப்டிஇசட் அடாப்டர் போட்டாலும் ஏஎஃப்-டியின் கதை அதேதான். கேனன் இஎஃப் லென்ஸ்களுக்கு இந்தத் தொல்லை இல்லை.)

இரண்டாவது, பூஞ்சை. கைபேசி டார்ச்சை லென்ஸின் பின்பக்கமிருந்து அடித்து முன்பக்கமாகப் பாருங்கள். சிலந்திவலைபோல் இழைகள் தெரிந்தால் பேரமே பேசாமல் வந்துவிடுங்கள். நான் ஒருமுறை ஆசைப்பட்டு ஏமாந்தேன். ஆறு மாதத்தில் பக்கத்தில் வைத்திருந்த இன்னொரு லென்ஸிலும் பூஞ்சை கண்டது.

நொடிக்குப் பத்து:

சரி, 85-க்கு நானும் வழிமொழிகிறேன். பின்னால் பணம் சேரும்போது கேமராவையும் பாருங்கள் என்ற என் கருத்தில் மாற்றமில்லை. மிரர்லெஸ்தான் வேண்டுமென்பதும் இல்லை. பழைய கேமராக்களில் நிக்கான் டி500 இருக்கிறது: 2016-இல் வந்தது, 153 ஃபோகஸ் புள்ளிகள், நொடிக்குப் பத்துப் படம். ஒளியளவி சொன்ன 7டி மார்க் 2-வும் நொடிக்குப் பத்துதான். இரண்டின் ஷட்டரும் இரண்டு லட்சம் முறை இயங்கும் என்று தயாரிப்பாளர்கள் கணக்குச் சொல்கிறார்கள். விற்பவரிடம் எத்தனை முறை இயங்கியிருக்கிறது என்று கேளுங்கள். உங்கள் லென்ஸ் எந்த நிறுவனத்தினுடையதோ அதே நிறுவனத்தின் கேமராவாகப் பார்ப்பது முக்கியம்.

அதுவரை நொடிக்கு நான்கு படத்தோடு எப்படிச் சமாளிப்பது என்பதைப் பழைய லென்ஸ் ஐயாதான் சொல்ல வேண்டும்.

பழைய லென்ஸ்:

தொடர்ச்சியாக அழுத்திப் பிடிக்காமல், ஒற்றைப் படமாக எடுக்கப் பழகுவதுதான் வழி. டீச்சர் பயிற்சியாளர், பந்தை உயர்த்திக் கொடுப்பவளின் தோளைப் பார்த்தே எந்தப் பக்கம் போகப்போகிறது என்று அவருக்குத் தெரியும். அந்த அறிவு எந்தக் கேமராவிலும் விற்பனைக்கு இல்லை. பந்தைத் துரத்தாதீர்கள். பந்து உயரும்போதே அடிக்கப்போகிறவளின் மேல் ஃபோகஸ் வைத்துவிடுங்கள். அவள் கை பின்னால் போய் வளையும்போது விரல் இயங்கத் தொடங்க வேண்டும். பந்து கையில் பட்டதைக் கண்ணால் பார்த்தபின் அழுத்தினால் படம் போய்விட்டது.

அமைப்புகள்: மேனுவல் முறை, 1/1000, எஃப்/2 (முழுக்கத் திறப்பதைவிடக் கொஞ்சம் கூர்மை கூடும்), ஐஎஸ்ஓ 3200. தொடர் ஃபோகஸ். நடுப்புள்ளி ஒன்று மட்டும். ஃபோகஸை ஷட்டர் பொத்தானிலிருந்து பிரித்துப் பின்பக்கப் பொத்தானுக்கு மாற்றுங்கள்; முதல் இரண்டு ஆட்டங்கள் கட்டைவிரல் முரண்டு பிடிக்கும், விடாதீர்கள். ஃபிளாஷ் வேண்டாம், எம்பும் பிள்ளையின் கண்ணில் அடிக்கும்.

பயிற்சி நேரத்தில் எடுத்துப் பழகுங்கள். ஆட்டத்தன்று பழக நேரமிருக்காது.

இறகுப்பந்து அப்பா:

பின்பக்கப் பொத்தான் விஷயத்தை நேற்று முயன்றேன். மகள் சர்வீஸ் போடும்போது வலை குறுக்கிட்டு ஃபோகஸ் ஓடுவது நின்றுவிட்டது. நன்றி ஐயா.

உடற்கல்வி ஆசிரியை:

ஐந்து வாரம் கழித்து எழுதுகிறேன். 85 மி.மீ. எஃப்/1.8 பழையதாக வாங்கினேன். டார்ச் அடித்துப் பார்த்தே வாங்கினேன். முதல் இரண்டு வாரம் பயிற்சியில் மட்டும் எடுத்தேன். கட்டைவிரல் உண்மையிலேயே முரண்டு பிடித்தது. ஒளியளவி சொன்னபடி மஞ்சளும் இருட்டுமாகப் படங்கள் வந்தன. என் கேமராவில் அந்த வசதி இல்லாததால் ரா கோப்பாக எடுத்துச் சரிசெய்கிறேன்.

சனிக்கிழமை ஆட்டம். கடைக்கோட்டுக்குப் பின்னால் தரையில் உட்கார்ந்தேன். மொத்தம் 212 படங்கள், தேறியவை 31. முன்பெல்லாம் நானூறு எடுத்தால் இரண்டு தேறும். மூன்றாவது செட்டில் பந்து உயர்ந்தது. அவள் வருவாள் என்று தெரியும், ஏனென்றால் அந்த ஓட்டத்தை அவளுக்குச் சொல்லித்தந்தவளே நான். ஒரே ஒரு முறை அழுத்தினேன். பந்து உள்ளங்கையில் நசுங்கியிருக்கிறது, விரல்கள் ஐந்தும் தனித்தனியாகத் தெரிகின்றன, தடுக்க வந்த இரண்டு கைகளுக்கு நடுவே அவள் கண்கள். பின்னல் காற்றில் நேராக நிற்கிறது.

அச்செடுத்துக் கொடுத்தேன். வெகுநேரம் பார்த்தாள். பிறகு, "டீச்சர், பந்தை அடிக்கும்போது என் முழங்கை மடங்கியிருக்கிறதே?" என்றாள். ஆமாம், மடங்கித்தான் இருக்கிறது. நான்கு ஆண்டுகள் பக்கத்தில் நின்றும் என் கண்ணில் அது படவில்லை. திங்கட்கிழமையிலிருந்து அதைத்தான் திருத்திக்கொண்டிருக்கிறோம்.

அடுத்த மாதம் தடகளம் வருகிறது. நீளம் தாண்டுதலுக்கு எங்கே உட்காரலாம், ஐயா?

பழைய லென்ஸ்:

மணல் குழியின் கடைசி முனைக்குப் பின்னால், சற்றே ஓரமாக. 55-250 போதும். குதிபலகையிலிருந்து எத்தனை மீட்டர் என்று இப்போதே அளந்து வையுங்கள். அங்கிருந்து சூரியன் எந்தப் பக்கம் இருக்கும் என்பதையும் அதே நேரத்துக்குப் போய்ப் பார்த்துவிடுங்கள்.

அந்தப் படத்தை இங்கே போட முடியுமா என்று அந்தப் பிள்ளையிடமும் வீட்டாரிடமும் கேட்டுச் சொல்லுங்கள், டீச்சர். பார்க்க ஆசையாக இருக்கிறது.